தும்மலை விடுங்க, தட்டைப் பாருங்க: பூனைக்குச் சளி பிடித்தால்

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்றபடி சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)



ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டால் எனக்கு வரும் மெசேஜ்களே மாறிவிடும். மற்ற மாதங்களில் "எந்த லிட்டர் நல்லது?", "சோபாவைக் கீறுது, என்ன பண்றது?" என்று கேட்பவர்கள், அக்டோபர் தாண்டியதும் வீடியோ அனுப்ப ஆரம்பிப்பார்கள். பத்து நொடி வீடியோ. அதில் ஒரு பூனை வரிசையாக நாலு தும்மல் போடும். கீழே ஒரே ஒரு வரி: "இது சீரியஸா?"

இன்றைய எபிசோட் அந்த ஒரு வரிக்கான பதில்தான்.

முதலில் ஒன்று சொல்லிடறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. பூனை வளர்ப்பவள், அதைப் பற்றி நிறைய படிப்பவள், டாக்டர்களிடம் நிறைய கேள்வி கேட்டு அவர்களைப் படுத்துபவள். அதனால் இது வைத்தியம் பார்க்கும் எபிசோட் இல்லை. வீட்டில் நாம் எதைக் கவனிக்கணும், என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது, எப்போ டாக்டரிடம் ஓடணும், இவ்வளவுதான்.

முழுசாகக் கேட்க நேரம் இல்லாதவர்களுக்கு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். தும்மலை எண்ணிக்கொண்டு இருக்காதீங்க, சாப்பாட்டுத் தட்டைப் பாருங்க. வளர்ந்த பூனை ஒரு நாள் முழுக்க எதையும் சாப்பிடவில்லை என்றால் டாக்டருக்குப் போன் போடுங்க. நம்ம வீட்டு மாத்திரை டப்பாவிலிருந்து எதையும் அதற்குக் கொடுக்காதீங்க. ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் கூடவே வாங்க.

மழையில் நனைந்ததால்தான் சளியா?

"பால்கனியில மழைல நனைஞ்சிடுச்சு, அதான் சளி" என்று எல்லா வீட்டிலும் ஒரு பெரியவர் சொல்வார். பாதி சரி. நனைந்த பூனைக்குக் குளிரும், உடம்பு சோர்ந்துபோகும். ஆனால் சளி வர ஒரு கிருமி வேண்டும்.

பூனைச் சளியில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இரண்டே வைரஸ்கள். ஒன்று பூனை ஹெர்பீஸ் வைரஸ், இன்னொன்று பூனை கேலிசி வைரஸ். இவை போக கிளமிடியா, மைக்கோபிளாஸ்மா, போர்டெடெல்லா என்று சில பாக்டீரியாக்களும் உண்டு. இவை தனியாகவும் வரும், வைரஸ் வந்து பூனை பலவீனமான பிறகு கூடவே ஒட்டிக்கொண்டும் வரும்.

இதில் ஹெர்பீஸ் கொஞ்சம் வித்தியாசமான ஆள். ஒருமுறை உள்ளே வந்தால் பெரும்பாலான பூனைகளில் அது போகவே போகாது. முகத்து நரம்புகளில் போய்ப் படுத்துக்கொள்ளும். பூனை பார்க்க நல்லா இருக்கும். பிறகு ஏதாவது ஒரு மன அழுத்தம் வந்தால் வைரஸ் மறுபடி எழுந்துகொள்ளும். வீடு மாறுவது, புதுப் பூனை வருவது, நாம் ஊருக்குப் போய்விடுவது எல்லாமே பூனைக்கு மன அழுத்தம்தான். எழுந்துகொள்வதும் உடனே நடக்காது. கிட்டத்தட்ட ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, நம்ம ஊரில் மழைக்காலமும் தீபாவளியும் சேர்ந்தே வரும். இரண்டு நாள் பட்டாசு வெடிக்கிறது, பூனை கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிறது. ஒரு வாரம் கழித்துத் தும்ம ஆரம்பிக்கிறது. நாம் மழையைத் திட்டுகிறோம். பல வீடுகளில் நிஜமான காரணம் பட்டாசாக இருக்கலாம். என் வீட்டுப் பஜ்ஜி தெருவிலிருந்து வந்த பூனை. அதனால் தீபாவளி முடிந்த அடுத்த வாரம் அவன் கண்ணையும் தட்டையும் நான் கொஞ்சம் கூடுதலாகவே பார்ப்பேன்.

வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கு எப்படிச் சளி வரும் என்ற கேள்விக்கும் பதில் இதுதான். பாதிப் பேருக்கு அது குட்டியிலேயே, தாயிடமிருந்தே வந்திருக்கும். தெருப் பூனையைக் கொஞ்சிவிட்டு நாம் கை கழுவாமல் வந்தால், நம் கையிலும் உடையிலும் கூட வரலாம்.

என்னென்ன அறிகுறிகள்?

தும்மல், மூக்கில் நீர், கண்ணில் நீர். இது ஆரம்பம். பிறகு நீர் கெட்டியாகி மஞ்சள் அல்லது பச்சையாக மாறலாம். கண்ணில் பீளை கட்டும், சில குட்டிகளுக்குக் காலையில் கண்ணே திறக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும். குரல் கம்மும். காய்ச்சல் இருக்கலாம். பூனையின் சாதாரண உடல் வெப்பமே சுமார் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நம்மைவிட அதிகம். அதனால் தொட்டுப் பார்த்து, "ஐயோ சுடுதே" என்று முடிவுக்கு வர முடியாது. மூக்கு ஈரமா, காய்ந்திருக்கா என்று பார்ப்பதும் உதவாது. தூங்கி எழுந்த நல்ல பூனைக்கும் மூக்கு காய்ந்திருக்கும்.

ஹெர்பீஸ் பெரும்பாலும் கண்ணைக் குறிவைக்கும். பூனை ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தால் அது கண் அடிக்கிறது என்று ரீல்ஸ் எடுக்காதீங்க, கண்ணின் மேல் புண் இருக்கலாம். கேலிசி பெரும்பாலும் வாயைப் பிடிக்கும். நாக்கிலும் ஈறிலும் புண், வாயிலிருந்து எச்சில் ஒழுகுதல். சில குட்டிகள் இரண்டு நாள் நொண்டக்கூட செய்யும். சளிக்கும் நொண்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும், ஆனால் அந்த வைரஸ் மூட்டுகளையும் பாதிக்கும்.

சாதாரணமாக இந்தச் சளி 7 முதல் 10 நாளில் சரியாகிவிடும். சிலவற்றுக்கு இரண்டு, மூன்று வாரம் இழுக்கும்.

எல்லாத் தும்மலும் சளி இல்லை. ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், தூசி பறக்கும் லிட்டர், ரூம் ஸ்ப்ரே எல்லாமே பூனையைத் தும்ம வைக்கும். தும்மிவிட்டு நேராகப் போய்ச் சாப்பிடுகிறது, விளையாடுகிறது என்றால் முதலில் இவற்றை நிறுத்திப் பாருங்க. மூக்கின் ஒரே ஒரு துவாரத்திலிருந்து மட்டும் சளியோ ரத்தமோ வந்தால் கதை வேறு. உள்ளே ஏதாவது மாட்டியிருக்கலாம், பல் வேரில் சீழ் இருக்கலாம், கட்டி இருக்கலாம். அதை டாக்டர்தான் பார்க்கணும்.

பெர்ஷியன் பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த சப்பை முகத்தில் மூக்குத் துவாரமே சின்னது. சாதாரண நாளிலேயே கண்ணில் நீர் வரும், மூச்சில் சத்தம் இருக்கும். உங்க பூனையின் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்திருந்தால்தான், மாறும்போது கண்டுபிடிக்க முடியும். நல்லா இருக்கும் நாளிலேயே ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க.

ஏன் தட்டைப் பார்க்கச் சொல்றேன்?

நமக்குச் சளி பிடித்தால் சாப்பாடு ருசிக்காது. ஆனாலும் பசித்தால் ரசம் சாதம் சாப்பிடுவோம். பூனை அப்படி இல்லை. பூனைக்கு நாக்கின் ருசியைவிட மூக்கின் வாசனைதான் முக்கியம். இனிப்பு என்ற சுவையே பூனைக்குத் தெரியாது, அதை உணரும் மரபணு அதனிடம் வேலை செய்வதில்லை. எதிரில் இருப்பது சாப்பாடுதான் என்று பூனை முடிவு செய்வது வாசனையை வைத்து. மூக்கு அடைத்துவிட்டால் அந்த வாசனை வராது. நமக்குத் தெரிவது பிடித்த மீன். அதற்குத் தெரிவது ஏதோ ஒரு ஈரமான பொருள். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். வாயில் புண்ணும் இருந்தால், பசியோடு தட்டுக்கு வந்து, ஒரு வாய் எடுத்து, வலியில் விலகிப்போகும்.

"பசிச்சா தானா சாப்பிடும்" என்று விட்டுவிடும் பழக்கம் நமக்கு உண்டு. நாய்க்கு அது ஓரளவு சரியாக இருக்கலாம். பூனைக்கு அது ஆபத்து. பூனை சில நாட்கள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால், அதன் உடம்பு சேமித்து வைத்த கொழுப்பையெல்லாம் எடுத்துக் கல்லீரலுக்கு அனுப்பும். பூனையின் கல்லீரலால் அவ்வளவு கொழுப்பைச் சமாளிக்க முடியாது. கொழுப்பு கல்லீரலிலேயே தேங்கி, கல்லீரல் வேலை செய்யாமல் போகும். காது உட்புறமும் ஈறும் மஞ்சளாகும். குமட்டல் வரும். குமட்டலால் இன்னும் சாப்பிடாது. அதனால் கொழுப்பு இன்னும் சேரும். குண்டான பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். "என் பூனைக்குத்தான் உடம்புல சதை இருக்கே, ரெண்டு நாள் சாப்பிடாட்டி என்ன?" என்று நினைக்கிறோம் பாருங்க, அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்.

சாதாரணச் சளியில் செத்துப்போகாத பூனை, சளியால் சாப்பிடாமல் போனதால் செத்துப்போக முடியும். அதனால்தான் தட்டு.

கணக்கு எளிது. வளர்ந்த பூனை 24 மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை என்றால் டாக்டரை அழையுங்க. குட்டி என்றால் அவ்வளவு நேரம் காத்திருக்கக் கூடாது, அரை நாள் கூட அதிகம். வீட்டில் ஐந்து பேர் இருந்தால், "நீ வெச்சியா, நான் வெச்சேனா" என்ற குழப்பம் வரும். ஃப்ரிட்ஜ் மேல் ஒரு தாள் ஒட்டி, எத்தனை மணிக்கு எவ்வளவு சாப்பிட்டது, சிறுநீர் போனதா என்று எழுதுங்க. எடையும் பாருங்க. முதலில் நீங்க மட்டும் மெஷினில் ஏறி நில்லுங்க, பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு நில்லுங்க, வித்தியாசம்தான் பூனையின் எடை. குட்டிக்குச் சமையலறைத் தராசே போதும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதல் வேலை மூக்கைத் திறப்பது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, மூக்கில் காய்ந்திருப்பதன் மேல் சில நொடிகள் வைத்து ஊறவிட்டுப் பிறகு துடைங்க. காய்ந்ததைப் பிய்க்காதீங்க, வலிக்கும். அடுத்த முறை உங்களைப் பார்த்தாலே ஓடும். கண்ணுக்கு மூக்குப் பக்கத்து ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்கணும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. சாப்பாடு வைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் இதைச் செய்தால் பலன் அதிகம்.

இரண்டாவது ஆவி. நமக்குச் செய்வது போலக் கொதிக்கும் பாத்திரம், மேலே போர்வை, அந்த வேலையே கூடாது. குளியலறைக் கதவைச் சாத்தி, கீசரைப் போட்டுச் சுடுதண்ணீரைத் திறந்துவிடுங்க. அறை முழுக்க ஆவி நிறைந்ததும் தண்ணீரை மூடிவிட்டு, பூனையோடு நீங்களும் ஒரு பத்து நிமிஷம் உட்காருங்க. சுடுதண்ணீர் வாளி பூனைக்கு எட்டக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை போதும். பூனை பயந்து கத்தினாலோ மூச்சு இன்னும் சிரமமானாலோ உடனே வெளியே கூட்டிவந்துவிடுங்க. அந்த ஆவியில் எதையும் கலக்கக் கூடாது. ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்றேன்.

மூன்றாவது சாப்பாடு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் வாசனையே வராது. பௌச்சைப் பிரிக்காமல் சுடுதண்ணீரில் சில நிமிஷம் போட்டு வைத்து, உடம்புச் சூட்டுக்கு வந்ததும் கொடுங்க. உங்க மணிக்கட்டின் உட்பக்கம் தொட்டுப் பாருங்க, வெதுவெதுப்பாக இருக்கணும், சுடக் கூடாது. வேகவைத்த மீனோ கோழியோ கொடுக்கலாம். மீன் வெந்த தண்ணீரை அதன் சாப்பாட்டில் இரண்டு ஸ்பூன் ஊற்றினால் வாசனையும் வரும், தண்ணீரும் உள்ளே போகும். ஆனால் உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் இருக்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். "பூண்டு சளிக்கு நல்லது" என்பது நமக்கு, அதுக்கு இல்லை. வாயில் புண் இருந்தால் ட்ரை ஃபுட் குத்தும், மென்மையான சாப்பாடாகக் கொடுங்க.

கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாக வைங்க. தொடாத சாப்பாட்டை அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்க. சிரிஞ்சில் வைத்து வாயில் திணிக்காதீங்க. மூக்கடைத்த பூனை வாயால்தான் மூச்சு விட முயலும், அந்த நேரத்தில் சாப்பாடு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. சிரிஞ்சில் கொடுக்கணும் என்று டாக்டர் சொன்னால், எப்படி என்று அவரிடமே ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்க.

பிறகு ஓய்வு. ஏசி காற்று நேராக அடிக்காத ஒரு மூலை, ஒரு பழைய போர்வை, பக்கத்தில் தண்ணீர், சற்றுத் தள்ளி லிட்டர். அவ்வளவு போதும்.

மாத்திரை டப்பாவை மூடுங்க

போன மழைக்காலத்தில் ஒரு நேயர் கேட்டார்: "பூனை 4 கிலோ இருக்கு. குழந்தைகளுக்குக் கொடுக்கிற காய்ச்சல் சிரப் எத்தனை மில்லி கொடுக்கலாம்?" கொடுப்பதற்கு முன்னால் கேட்டார் என்பதால் அந்தப் பூனை தப்பித்தது. அவர் அக்கறையோடுதான் கேட்டார். அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்றேன்.

பதில்: ஒரு சொட்டு கூடக் கூடாது. க்ரோசின், டோலோ, கால்பால் எல்லாவற்றிலும் இருப்பது பாராசிட்டமால். நம் கல்லீரலில் ஒரு என்சைம் இருக்கிறது. அது பாராசிட்டமாலைப் பாதுகாப்பான வேறு பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். பூனையிடம் அந்த என்சைம் சரியாக வேலை செய்வதில்லை. உள்ளே போன மருந்து வெளியேற வழியில்லாமல் நச்சாக மாறுகிறது. அந்த நச்சு நேராக ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் ஆக்சிஜனைச் சுமக்காது. பூனை மூச்சு வாங்கும். ஈறு சாக்லேட் நிறத்துக்குப் போகும். முகமும் பாதங்களும் வீங்கும். சில மணி நேரத்திலேயே இது ஆரம்பித்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் என்ற அளவிலேயே பூனைகளுக்கு நச்சு ஏறியது பதிவாகியிருக்கிறது. 4 கிலோ பூனைக்கு அது 40 மில்லிகிராம். ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. குழந்தை சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் இருக்கும் வகையும் உண்டு, 250 இருக்கும் வகையும் உண்டு. மென்மையானது என்று நாம் நினைக்கும் ஒரே ஒரு ஸ்பூன், அந்த அளவைப்போல மூன்று மடங்கு முதல் ஆறு மடங்கு வரை வந்துவிடும். பூனைக்கு இதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

யாராவது ஏற்கெனவே கொடுத்துவிட்டால், அறிகுறி வருகிறதா என்று காத்திருக்காதீங்க. வீட்டில் வாந்தி எடுக்க வைக்கவும் முயலாதீங்க. மருந்து அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்க. இதற்கு மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. வீட்டில் யாரையும் குறை சொல்லும் நேரம் இல்லை அது.

இதே பட்டியலில் இன்னும் சில. இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் கூடாது. மார்பில் தேய்க்கும் தைலம், யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம், டீ ட்ரீ ஆயில் எதுவும் கூடாது. இவற்றின் ஆவியே அதன் சுவாசக் குழாயை எரிச்சலாக்கும். ரோமத்தில் பட்டால் நக்கும், வயிற்றுக்குள் போகும். ஆவி பிடிக்கும் தண்ணீரில் எதையும் கலக்க வேண்டாம் என்றதும் இதனால்தான். வீட்டில் மிச்சமிருக்கும் கண் சொட்டு மருந்தையும் போடாதீங்க. அதில் ஸ்டீராய்டு இருந்து, பூனையின் கண்ணில் ஹெர்பீஸ் புண்ணும் இருந்தால், பார்வையே போகலாம். மனிதர்களுக்கான ஹெர்பீஸ் மாத்திரைகளையும் பெயர் ஒற்றுமையைப் பார்த்து வாங்கிக் கொடுக்கக் கூடாது.

எப்போது கிளம்பணும்?

வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, வயிறு உள்ளே போய் வெளியே வர மூச்சு இழுக்கிறது, ஈறு வெளுத்தோ நீலமாகவோ இருக்கிறது என்றால் அது அவசரம். நடு ராத்திரி என்றாலும் கிளம்புங்க. நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்குவது சாதாரணம். பூனை ஓய்வாக இருக்கும்போது அப்படிச் செய்தால் சாதாரணம் இல்லை.

மூச்சை எண்ணவும் கற்றுக்கொள்ளுங்க. பூனை தூங்கும்போது, உறுமாமல் இருக்கும்போது, மார்பு ஏறி இறங்குவதை 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்க. நிமிஷத்துக்கு 15 முதல் 30 வரை சாதாரணம். தொடர்ந்து 30-க்கு மேல் போனால் டாக்டரிடம் பேசுங்க. 40 தாண்டினால் நேரில் போங்க.

அன்றைக்கே காட்ட வேண்டியவை: 24 மணி நேரம் சாப்பிடாதது, கண்ணைத் திறக்காமல் சுருக்கியே வைத்திருப்பது, வாய்ப் புண், ஒளிந்துகொண்டு வெளியே வராமல் கிடப்பது. சில வாரக் குட்டிக்குச் சளி பிடித்தால் எதற்கும் காத்திருக்க வேண்டாம். தும்மலோடு வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் அது வெறும் சளி இல்லாமல் இருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டிகளைப் பேன்லூக்கோபீனியா என்ற நோய் வேகமாகக் கொன்றுவிடும். 10 நாளாகியும் குறையாத சளி, அடிக்கடி திரும்பி வரும் சளி இரண்டையும் கூடக் காட்டத்தான் வேண்டும். பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்கள் இருக்கின்றனவா என்று பரிசோதிக்கச் சொல்லலாம்.

செலவை நினைத்துத் தயங்குபவர்கள் இருக்கீங்க, தெரியும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் குறைவு. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. மழைக்காலம் தொடங்கும் முன்பே, உங்க பகுதியில் இரவில் யார் பார்ப்பார்கள் என்று விசாரித்து நம்பரைச் சேமித்து வைங்க.

டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதவில்லை என்றால் கோபப்படாதீங்க. வைரஸ் சளிக்கு அது வேலை செய்யாது. காய்ச்சல், சோர்வு, சாப்பிடாமை, கெட்டியான சளி எல்லாம் சேர்ந்து, பாக்டீரியாவும் இருக்கு என்று தோன்றினால்தான் தருவார்கள். அப்போது பெரும்பாலும் எழுதுவது டாக்ஸிசைக்ளின். இந்த மாத்திரையை வெறும் வாயில் போட்டு விடக் கூடாது. பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். மாத்திரை போனதும் கொஞ்சம் தண்ணீரோ சாப்பாடோ உள்ளே போகணும். எப்படிக் கொடுப்பது என்று கேட்டுக்கொண்டு வாங்க.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால்?

நோயாளிக்குத் தனி அறை, தனித் தட்டு, தனி லிட்டர். நல்லா இருக்கும் பூனையை முதலில் கவனித்துவிட்டு, நோயாளியிடம் கடைசியாகப் போங்க. கை கழுவுங்க. ஹெர்பீஸ் வெளியே ஒரு நாளுக்குள் செத்துவிடும். கேலிசி பல நாட்கள், சில சமயம் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். சாதாரண கிருமிநாசினி பலவற்றுக்கு அது அசைந்து கொடுக்காது. ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு, நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே பூனையை அங்கே விடணும். தரை துடைக்க ஃபினைல் பயன்படுத்தும் வீடுகள் அதை நிறுத்திவிடுங்க. ஈரத் தரையில் நடந்து, பாதத்தை நக்கினால் பூனைக்கு அது விஷம். ப்ளீச்சோடு ஃபினைலையோ ஆசிட்டையோ கலக்கவே கூடாது, அது நமக்கே ஆபத்து.

மழையில் நனைந்த குட்டியைத் தெருவிலிருந்து தூக்கி வருபவர்களுக்கு என் மரியாதை. ஆனால் வீட்டுப் பூனையோடு உடனே சேர்க்காதீங்க. இரண்டு வாரம் தனியாக வைங்க, டாக்டரிடம் காட்டுங்க.

தடுப்பூசியும் உண்டு. ஹெர்பீஸ், கேலிசி, பேன்லூக்கோபீனியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி. 6 முதல் 8 வார வயதில் ஆரம்பித்து, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் வரை போடுவார்கள், பிறகு பூஸ்டர். போட்டாலும் சளி வரலாம். ஆனால் வந்தால் லேசாக வந்து போகும்.

நேயர்களின் கேள்விகள், சீக்கிரமாக

"என் சளி பூனைக்கு வருமா?" நமக்கு வரும் சாதாரணச் சளி வைரஸ் வராது. கோவிட்டும் சில வகை ஃப்ளூவும் மனிதரிடமிருந்து பூனைக்குப் போனது உண்டு. காய்ச்சலாக இருந்தால் பூனையை முகத்தோடு வைத்துக் கொஞ்சுவதைத் தள்ளிப்போடுங்க.

"பூனைச் சளி எனக்கு வருமா?" ஹெர்பீஸும் கேலிசியும் வராது. பூனை ஹெர்பீஸ் வேறு, நம்ம ஹெர்பீஸ் வேறு. கண் பீளையைத் துடைத்தபின் கை கழுவினால் போதும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருக்கணும்.

"லைசின் பவுடர் கொடுக்கலாமா?" முன்பு நிறைய பேர் சொன்னார்கள். 2015-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, அதனால் பலன் இல்லை என்று சொன்னது. அந்தக் காசுக்கு இரண்டு நல்ல பௌச் வாங்கலாம்.

"பால் கொடுத்தா தெம்பு வருமா?" வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். சளியோடு அது வேற எதுக்கு?

"குளிப்பாட்டலாமா?" சளி முழுசாகப் போகும்வரை வேண்டாம்.

இந்த மழைக்காலத்துக்கு இன்றே மூன்று வேலை முடிச்சிடுங்க. பூனையை எடை போட்டு எழுதி வைங்க. தூங்கும்போது அதன் மூச்சை ஒரு தடவை எண்ணுங்க. இரவில் பார்க்கும் டாக்டரின் நம்பரை வீட்டில் எல்லார் போனிலும் சேமிங்க. பூனை வளர்க்கும் நண்பர் யாராவது இருந்தால், குறிப்பாக அந்தப் பாராசிட்டமால் பகுதியை அவர்களுக்கு அனுப்புங்க.

அடுத்த எபிசோடில், பூனையைக் கேரியருக்குள் சண்டையில்லாமல் ஏற்றுவது எப்படி என்று பேசுவோம். அதுவரைக்கும் பத்திரமா இருங்க.